பெருவிரல் நகத்தை முழுவதுமாக எடுத்துவிடத்தான் வேண்டுமா?

தேவகோட்டைக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்திலிருந்து 49 வயதுச் சகோதரி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவர் கல்யாணச் சமையல் குழு ஒன்றில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறார். முகூர்த்த நாட்களில் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினால், கடைசிப் பந்தி எழும் வரை நின்றபடியே வேலை. சமையல் கொட்டகையின் தரை எந்நேரமும் ஈரம். காலில் ரப்பர் செருப்பு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அண்டா நழுவி வலது கால் பெருவிரலில் விழுந்தது; நகம் கறுத்து உதிர்ந்து, மறுபடி முளைத்தபோது தடிப்பாகவும் ஓரங்கள் வளைந்தும் வந்தது. ஐந்து மாதங்களாக அந்த நகத்தின் உள்பக்க ஓரம் சதைக்குள் ஏறி, முள் தைத்தாற்போல் குத்துகிறது. சீழ் வருகிறது; ஓரத்தில் சிவப்பாகச் சதை முளைத்திருக்கிறது; போர்வை பட்டால்கூட வலிக்கிறது.

மாமியார் இதை நகச்சுற்று என்று சொல்லி எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிவிட்டிருக்கிறார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டியும் பார்த்திருக்கிறார். அழகு நிலையத்தில் வேலை செய்யும் உறவுக்காரப் பெண் ஒருவர் நகத்தின் மூலையைக் கொத்தி எடுத்துவிடுவார். பத்து நாள் நிம்மதியாக இருக்கும், பிறகு முன்னைவிட மோசமாகும். இப்படி ஐந்து முறை நடந்திருக்கிறது. மருந்துக் கடையில் கேட்டு மூன்று முறை ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். அண்மையில் பார்த்த மருத்துவர், "நகத்தை எடுத்துவிடலாம்" என்றார். கோயம்புத்தூரில் இருக்கும் மகன், லேசர்தான் செய்ய வேண்டும், அதற்கு மதுரைக்குப் போகலாம் என்கிறார். இவருக்கோ ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.4 சதவீதம். கொழுந்தனாருக்கு "நகத்தில் ஆரம்பித்தது விரலில் போய் முடிந்தது" என்பதால் கத்தி என்றாலே நடுக்கமாக இருக்கிறது. இதற்கிடையே, வரும் தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்கு வெறுங்காலுடன் நடந்து வருவதாக வேண்டுதல் வேறு. போதாததற்கு, ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளும் ஷூ போட்டால் பெருவிரல் ஓரம் வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்திருக்கிறாள். இது பரம்பரை நோயா என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதம் எனக்குப் பாதி வேலையை மிச்சப்படுத்திவிட்டது. எப்போது, எதனால், என்ன செய்தோம், என்ன ஆயிற்று என்று இவ்வளவு ஒழுங்காகச் சொல்பவர்களை என் அறையில் நேரில்கூட நான் அதிகம் பார்ப்பதில்லை. விரலை நேரில் பார்க்காமல் உறுதியான முடிவு சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் விவரித்திருப்பதைக் கொண்டு பெரும்பகுதியைத் தெளிவாகவே சொல்லலாம்.

முதலில் பெயரைத் திருத்திக்கொள்வோம். உங்களுக்கு வந்திருப்பது நகச்சுற்று அன்று. நகம் சதைக்குள் ஏறிய நிலை. நகச்சுற்றில் நகத்தைச் சுற்றியுள்ள தோலில் கிருமி புகுந்து சீழ் கட்டுகிறது. பெரும்பாலும் கைவிரலில் வரும். சீழ் வெளியேறினால் ஆறிவிடும். இங்கே வரிசை தலைகீழ். நகத்தின் ஓரம் முதலில் சதையைக் கிழிக்கிறது, கிழிந்த இடத்தில் பிறகுதான் கிருமி குடியேறுகிறது. உடம்பைப் பொறுத்தவரை உங்கள் நகத்தின் விளிம்பு இப்போது காலில் தைத்து உள்ளேயே தங்கிவிட்ட ஒரு கருவேல முள். முள் உள்ளே இருக்கும்வரை மேலே எதைத் தடவினாலும் சீழ் நிற்காது. சிவப்பாக முளைத்திருக்கும் அந்தச் சதையும் முள்ளைச் சுற்றி உடம்பு கட்டும் வேலிதான்.

எலுமிச்சம்பழத்தைப் பற்றி உங்கள் மாமியாரிடம் கோபப்படாதீர்கள். கைவிரலில் வீக்கம் தெறிக்கும்போது அந்தக் குளிர்ச்சி சற்று இதமாக இருந்திருக்கும். அதனால்தான் தலைமுறைகளாக நின்றிருக்கிறது. ஆனால் புண்ணான சதையில் எலுமிச்சையின் அமிலம் எரிச்சலைக் கூட்டும். பழத்துக்குள் மணிக்கணக்காக ஊறும் தோல் வெளுத்துக் கொழகொழத்து, நகம் இன்னும் எளிதாக உள்ளே இறங்கும். உங்களைப் போன்ற சர்க்கரை நோயாளியின் கால்விரலில் அது இனி வேண்டாம். மஞ்சளும் எண்ணெயும் கலந்த கட்டும் வேண்டாம். உள்ளே புண் எப்படி இருக்கிறது என்பதே தெரியாமல் அது மூடிவிடுகிறது.

ஐந்து முறை கொத்தியும் ஏன் திரும்பி வருகிறது?

இந்தக் கேள்விக்கான விடைதான் உங்கள் முழு சிக்கலுக்கும் விடை என்பதால் இதில் சற்று நிற்கிறேன்.

பெருவிரல் நகம் நுனியில் வளர்வதில்லை. தோலுக்கு அடியில், நகத்தின் அடிப்புறத்தில் இருக்கும் வேரில் உருவாகி, மாதத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் வீதம் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. முழு நகமும் புதிதாக வர ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை ஆகும். நம் கண்ணுக்குத் தெரியும் நகம் உயிரற்ற ஒரு தகடு. மூலையை வளைத்து வெட்டும்போது, குறிப்பாகக் கண்ணுக்குத் தெரியாத ஆழம் வரை கத்தரியை நுழைத்துக் கொத்தும்போது, இரண்டு காரியங்கள் நடக்கின்றன. அதுவரை அந்த மூலை அழுத்திப் பிடித்திருந்த சதை மேலெழுந்து, நகம் போக வேண்டிய வழியை அடைத்துக்கொள்கிறது. கூடவே, கத்தரி எட்டாத இடத்தில் நகத்தின் ஒரு சிறு சிம்பு ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகிறது. மூலை போன சில நாட்களுக்கு அழுத்தம் இல்லாததால் வலி குறையும். அதைத்தான் நீங்கள் 'நிம்மதி' என்று எழுதியிருக்கிறீர்கள். பின்னாலிருந்து வேர் தள்ளத் தள்ள, அந்தச் சிம்பு ஈட்டி முனைபோல் எழும்பிய சதைக்குள் நேராகப் பாய்கிறது. ஒவ்வொரு முறை கொத்தும்போதும் சிம்பு இன்னும் பின்னால், இன்னும் ஆழத்தில் உருவாகிறது. உங்கள் உறவுக்காரப் பெண் நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனாலும் இந்த ஐந்து மாதத் துன்பத்தில் அண்டாவைவிட அந்தக் கத்தரிக்குப் பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

நகத்தின் நடுவில் முக்கோணமாக வெட்டிவிட்டால் இரண்டு ஓரங்களும் நடுவை நோக்கி இழுத்துக்கொள்ளும் என்று உங்கள் சமையல் குழுவில் யாரோ சொன்னதாக ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். பரவலான நம்பிக்கை, உண்மை இல்லை. உயிரற்ற தகட்டின் நுனியில் என்ன வடிவம் வெட்டினாலும் வேருக்கு அது தெரியப்போவதில்லை.

மாத்திரை விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். முள்ளை எடுக்காமல் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டால் சிவப்பும் சீழும் நாலு நாள் அடங்கும், மாத்திரை தீர்ந்ததும் திரும்பும். நகத்தின் ஓரத்தை முறையாக எடுத்த பிறகு பலருக்கு ஆன்டிபயாட்டிக்கே தேவைப்படுவதில்லை. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் மருத்துவர் தரக்கூடும். அது அவர் விரலைப் பார்த்து எடுக்கும் முடிவாக இருக்கட்டும். மருத்துவரின் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மருந்துகள் அவை. நான்காவது முறை கடைக்குப் போகாதீர்கள்.

சர்க்கரை இருப்பவருக்குக் கத்தி வைக்கலாமா?

உங்கள் கடிதத்தின் அடிநாதம் இந்தப் பயம்தான். கொழுந்தனாருக்கு என்ன நடந்தது என்பதை அவருடைய மருத்துவக் குறிப்புகளைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. பொதுவாகச் சர்க்கரை நோயாளிகள் விரலை இழக்கும் இடங்களில், நகத்தை எடுத்ததால் விரல் போவதில்லை. காலுக்கு வரும் ரத்தக்குழாய் ஏற்கெனவே அடைபட்டிருக்கும். அல்லது உணர்வு மரத்துப்போனதால் புண் முற்றும்வரை தெரியாமலே போயிருக்கும். அல்லது சீழ் எலும்பு வரை இறங்கிய பிறகுதான் மருத்துவமனைக்கு வந்திருப்பார்கள். அதனால் 'வெட்டலாமா, வேண்டாமா' என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: என் காலுக்கு ரத்தம் போதுமான அளவு வருகிறதா, என் பாதத்தில் உணர்வு சரியாக இருக்கிறதா?

இதைக் கண்டுபிடிப்பது கடினமன்று. பாதத்தின் மேற்புறத்திலும் உள்கணுக்காலின் பின்புறத்திலும் நாடித்துடிப்பு இருக்கிறது. மருத்துவர் விரலை வைத்துப் பார்த்தாலே முதல் தகவல் கிடைக்கும். சந்தேகம் இருந்தால் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தத்தை அளந்து ஒப்பிடுவார்கள். அந்த விகிதம் 0.9-க்குக் கீழே போனால் குழாயில் அடைப்பு இருக்கிறது என்று பொருள். நீண்ட நாள் சர்க்கரை இருப்பவர்களுக்குக் குழாய்ச் சுவர் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகி, அளவு பொய்யாக அதிகமாகக் காட்டுவதும் உண்டு. அப்போது ஒலி அலைகளால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் பரிசோதனை தேவைப்படும். உணர்வைப் பார்க்க 10 கிராம் அழுத்தம் தரும் ஒரு நைலான் இழையால் உள்ளங்காலில் தொட்டுக் கேட்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தொடுவது தெரிகிறதா என்று நீங்கள் சொல்ல வேண்டும். இரண்டுமே வலியில்லாத சோதனைகள். சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

"வலி இவ்வளவு தெரிகிறதே, அப்படியானால் நரம்பு நன்றாகத்தானே இருக்க வேண்டும்?" என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல அறிகுறிதான். ஆனால் மரப்பு திட்டுத் திட்டாகவும் வரும்; பெருவிரல் ஓரத்தில் வலி தெரிபவருக்கு உள்ளங்காலில் சூடு தெரியாமல் இருக்கலாம். ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் மிதிக்கும்போது இரண்டு பாதங்களிலும் ஒரே மாதிரி குளிர்ச்சி தெரிகிறதா என்று கவனித்து, மருத்துவரிடம் சொல்லுங்கள். சோதனைக்கு அது மாற்று ஆகாது. சொல்ல வேண்டிய ஒரு குறிப்பு, அவ்வளவே.

ஐந்து மாதம் சீழ் வடிந்திருப்பதாலும், முன்பு அண்டா விழுந்திருப்பதாலும், விரலுக்கு ஓர் எக்ஸ்ரே எடுக்கச் சொல்வேன். எலும்பில் கிருமி தொற்றியிருக்கிறதா, நகத்துக்கு அடியில் எலும்பு முடிச்சு ஏதும் வளர்ந்திருக்கிறதா என்பது அதில் தெரியலாம். நகம் தடித்திருப்பதற்குப் பூஞ்சையும் காரணமா என்று வெட்டிய துண்டைச் சோதிக்கலாம். அந்தச் சிவப்புச் சதை, நகத்தைச் சரிசெய்த பிறகும் ஆறாமல் நின்றால், அதில் ஒரு துணுக்கை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்; மிக அரிதாக வேறு வகைக் கட்டிகள் இதே வேடத்தில் வருவதுண்டு.

சர்க்கரை 8.4 என்பது குறைக்க வேண்டிய அளவுதான். ஆனால் "சர்க்கரை இறங்கட்டும், பிறகு பார்க்கலாம்" என்று மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதை நான் ஏற்கமாட்டேன். சீழ் இருக்கும்வரை சர்க்கரை இறங்க மறுக்கும். சர்க்கரை இறங்காதவரை சீழ் ஆற மறுக்கும். இரண்டையும் ஒரே வாரத்தில் கையில் எடுக்க வேண்டும். ரத்த ஓட்டம் நன்றாக இருப்பது உறுதியானால், இந்தச் சிறு சிகிச்சைக்குச் சர்க்கரை நோய் தடையில்லை. ரத்த ஓட்டம் குறைவாக இருந்தால், முதலில் ரத்தக்குழாய் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் விரலில் கை வைக்க வேண்டும். அந்த நிலையில் யார் அவசரப்படுத்தினாலும் மறுத்துவிடுங்கள்.

நகம் முழுவதும் போக வேண்டியதில்லை

"நகத்தை எடுத்துவிடலாம்" என்று சொன்ன மருத்துவர் முழு நகத்தையும்தான் சொன்னார் என்று நீங்களாக முடிவு செய்திருக்கிறீர்கள் என நினைக்கிறேன். குத்துகிற ஓரத்தை மட்டும் எடுப்பதையும் எங்களில் பலர் பேச்சுவழக்கில் அப்படித்தான் சொல்கிறோம்; தவறு எங்களுடையது. திரும்பிப் போய்க் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. என்ன செய்யப்போகிறார்கள், மாற்று வழி என்ன, எதனால் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் முதல் மருத்துவரை அவமதிப்பது ஆகாது.

முழு நகத்தையும் பிடுங்கிவிட்டு வேரை அப்படியே விட்டால், ஓராண்டில் அதே வேரிலிருந்து அதே நகம், பல நேரங்களில் இன்னும் கோணலாக, மறுபடி வரும். நகம் இல்லாத நாட்களில் விரல் நுனிச் சதை மேலெழுந்து கரைபோல் நின்றுவிடுவதால், புதிதாக வரும் நகம் அதில் முட்டிக்கொள்ளும். ஆகவே இன்று பரவலாகச் செய்யப்படுவது, குத்துகிற பக்கத்தில் சில மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு நீளப் பட்டையை மட்டும் நுனியிலிருந்து வேர் வரை எடுத்துவிட்டு, அந்தப் பட்டை முளைத்த வேர்ப்பகுதியை மட்டும் ஃபீனால் என்ற மருந்தால் பொசுக்கிவிடுவது. ஓரம் மட்டும் நிரந்தரமாக முளைக்காது; மீதி நகம் வழக்கம்போல் வளரும். ஆறிய பிறகு நகம் சற்று ஒடுங்கித் தெரியும். மெட்டி போட்ட காலைப் பார்ப்பவர்கள் கண்டுபிடிக்கப் போவதில்லை. வெறுமனே நகத்தை எடுப்பதைவிட இந்த முறையில் தொல்லை திரும்பி வருவது மிகவும் குறைவு என்பது பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் தெரிந்திருக்கிறது.

இந்த முறை புதிதும் அன்று. ஓரத்தையும் வேரையும் கத்தியால் வெட்டி எடுக்கும் வினோகிராட் முறை 1929-லிருந்தும், ஃபீனால் வைக்கும் முறை 1945-லிருந்தும் வழக்கத்தில் இருக்கின்றன. ஃபீனால் என்பது கார்பாலிக் அமிலம்தான். பாம்பு வராமலிருக்கப் பழைய வீடுகளில் வாங்கி வைப்பார்களே, அதே பொருள். இதைச் சொல்லிவிட்டு உடனே ஓர் எச்சரிக்கை: மருத்துவர் பயன்படுத்துவது 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட செறிவுள்ள திரவம்; சுற்றியுள்ள தோலைப் பாதுகாத்து, பஞ்சுமுனையில் எடுத்து, ஒரு நிமிடக் கணக்கில் வைத்துக் கழுவிவிடுவார். வீட்டில் யாரும் இதை முயன்றால் விரல் வெந்துபோகும். பெயர் ஒத்திருந்தாலும் தரை துடைக்கும் பினாயில் இந்த மருந்து அன்று. அதையும் புண்ணில் வைக்கக்கூடாது. பினாயிலில் காலை நனைத்துக்கொண்டு வந்த ஒருவரை நான் பார்த்திருப்பதால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சிகிச்சைக்கு மருத்துவமனையில் தங்க வேண்டியதில்லை. விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போடுவார்கள். அந்த ஊசி வலிக்கும். வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். சில நொடிகள் பல்லைக் கடித்துக்கொண்டால், பிறகு நடப்பது எதுவும் தெரியாது. ஆஸ்பிரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்களா, மரப்பு ஊசி முன்பு ஒவ்வாமை தந்ததுண்டா, டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஃபீனால் வைத்த இடம் இரண்டு முதல் நான்கு வாரங்கள் நீர்போல் கசியும். சர்க்கரை இருந்தால் இன்னும் சில நாள் கூடலாம். மஞ்சளாகக் கசிவதைப் பார்த்துச் சீழ் என்று பயந்துவிடாதீர்கள். பொசுங்கிய திசு கழன்று வருவது அது. வலி, வீக்கம், சிவப்பு ஆகியவை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தால் கசிவு இருந்தாலும் கவலை இல்லை. அவை கூடினால்தான் கவலை. இந்த நாட்களில் ஈரத்தரையில் நின்று வேலை செய்யவே கூடாது. மார்கழியில் முகூர்த்தம் இல்லை என்பது உங்களுக்கு நல்ல வசதி. கார்த்திகைக்குள் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு மார்கழி பிறந்ததும் செய்துகொண்டால் சம்பள நட்டம் குறைவாக இருக்கும். ரத்த ஓட்டச் சோதனையை மட்டும் அதுவரை தள்ளாதீர்கள். இந்த வாரமே பாருங்கள். சோதனையைப் பார்த்த மருத்துவர் மார்கழி வரை காத்திருக்க முடியாது என்றால், அவர் சொல்லே முடிவு.

உங்கள் மகன் சொல்லும் லேசரும், வேரின் ஓரத்தை அழிக்க இன்னொரு கருவிதான். தவறில்லை. ஆனால் அதைத் தேடி மதுரைக்குப் போய்க் கூடுதல் செலவு செய்தால் விரல் கூடுதலாக ஆறிவிடும் என்பதில்லை. காரைக்குடி அரசு மருத்துவமனையிலோ, சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அறுவைசிகிச்சைப் பிரிவில் கேட்டுப்பாருங்கள். சர்க்கரை நோயாளிகளின் பாதத்தைப் பரிசோதிப்பதற்கென்றே தமிழக அரசின் 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் இருக்கிறது. அதைப் பற்றியும் அங்கே விசாரியுங்கள்.

அதுவரை என்ன செய்வது?

வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் காலை வைக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு முறை போதும். நீரின் சூட்டை உங்கள் காலால் பார்க்காதீர்கள், மகளின் முழங்கையால் பார்க்கச் சொல்லுங்கள். உணர்வு குறைந்த கால் வெந்துபோனாலும் சொல்லாது. எடுத்தவுடன் விரலிடுக்கு உட்பட ஒற்றித் துடைத்து, சுத்தமான காஸ் துணியால் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கமான கட்டு வேண்டாம். நகத்தில் இனி யாரும் கத்தரியோ ஊக்கோ வைக்கக்கூடாது. பெருவிரலில் உரசாத, முன்பக்கம் அகலமான செருப்பு அணியுங்கள்; கொட்டகையில் கால் நனைந்தால் அவ்வப்போது துடைத்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு விரலைத் தாண்டிப் பாதத்தில் ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விரல் கறுத்தாலோ, துர்நாற்றம் அடித்தாலோ, காரணமின்றிச் சர்க்கரை திடீரென்று எகிறினாலோ, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இன்னொன்றும் உண்டு. தோற்றம் மோசமாகிக்கொண்டே போகும்போது வலி மட்டும் குறைந்தால் அதைக் குணம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது.

பழநி நடை

வேண்டுதலைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. பாதத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மார்கழி தொடக்கத்தில் சிகிச்சை செய்துகொண்டால், தைப்பூசத்துக்குள் புண் மூடியிருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் புண் மூடுவது வேறு, நாள்கணக்கில் தார்ச்சாலையில் வெறுங்காலுடன் நடப்பதைத் தாங்கும் தோல் உருவாவது வேறு. இந்த ஆண்டு வெறுங்கால் நடை வேண்டாம் என்பதே என் கருத்து. நைலான் இழைச் சோதனையில் உணர்வு குறைவு என்று தெரிந்தால், எந்த ஆண்டும் வேண்டாம் என்பேன். சரளைக்கல் கிழித்தது மாலையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது என்று சொன்னவர்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன்.

குன்றக்குடியிலிருந்து காவடியோடு புறப்படும் நகரத்தார் நடைப்பயணமானாலும் மற்றவர்களின் நடைப்பயணமானாலும், வழியெங்கும் அடியார்களுக்குச் சோறு போடும் இடங்கள் இருக்கின்றன. இருபது ஆண்டுக் கைப்பக்குவம் உள்ள உங்களுக்கு அங்கே ஒரு வேளை அடுப்பு கிடைக்காமல் போகாது. வேண்டுதலை அப்படி மாற்றிக்கொள்ளலாமா என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் கோயிலிலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளின் விரல்

உங்கள் விரலுக்குப் போதாத வீட்டுச் சிகிச்சை மகளுக்குப் போதுமானதாக இருக்கலாம்; எலுமிச்சையையும் மஞ்சளையும் சொல்லவில்லை. சீழும் இல்லை, சதையும் வளரவில்லை, ஷூ போட்டால் மட்டும் வலி என்றால் அது முதல் நிலை. குளித்து முடித்து நகம் ஊறியிருக்கும்போது, பஞ்சை நூல்போலத் திரித்து, குத்துகிற ஓரத்தின் அடியில் மெதுவாகச் செருகி விடுங்கள். நகம் சதைக்கு மேலாக ஏறி வளர அது ஒரு படிக்கட்டு. தினமும் பஞ்சை மாற்ற வேண்டும். கூடவே, ஓரத்துச் சதையை நகத்திலிருந்து விலக்கி இழுத்து, விரலின் அடிப்புறமாகச் சுற்றி ஒட்டும் பிளாஸ்டரும் நன்றாக உதவும். விரலை முழுவதும் சுற்றி இறுக்கிவிடாமல் சாய்வாக ஒட்டுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் குறையவில்லை என்றாலோ, சீழ் தெரிந்தாலோ, மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த நிலையிலும் அவளுக்குக் கத்திதான் என்பதில்லை. சிறு பிளாஸ்டிக் குழாயைப் பிளந்து நகத்தின் ஓரத்தில் உறைபோல் மாட்டிவிடும் எளிய முறையும் இருக்கிறது.

பரம்பரையா என்று கேட்டீர்கள். நகத்தின் வளைவும் விரலின் அமைப்பும் குடும்பத்தில் வரக்கூடியவைதான். ஆனால் உங்கள் நகம் வளைந்தது அண்டாவால். அது மகளுக்கு வராது. அவளுக்கு வலி வந்ததற்குக் காரணம், நகத்தை வட்டமாக வெட்டும் பழக்கமும் காலுக்குச் சிறுத்துவிட்ட ஷூவும் என்றுதான் நான் சந்தேகிக்கிறேன். ஜூன் மாதத்தில் வாங்கிய ஷூ கார்த்திகையில் பதினான்கு வயதுப் பெண்ணுக்குப் போதாமல் போகலாம். அவளை நிற்கவைத்து, நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். இல்லையென்றால் புதிதாக வாங்கத்தான் வேண்டும். மாலையில் போய் வாங்குங்கள், அப்போதுதான் பாதம் சற்று உப்பி உண்மையான அளவில் இருக்கும். வியர்வையில் நனைந்த காலுறையை மறுநாளும் போடவிடாதீர்கள்.

நகத்தை விரல் நுனியின் அளவுக்கு, குறுக்கே நேராக வெட்ட வேண்டும். இரண்டு மூலைகளும் சதைக்கு வெளியே கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூலை கூர்மையாகக் காலுறையில் மாட்டினால் அரத்தால் லேசாகத் தேய்த்துவிடலாம், வெட்டக்கூடாது. விரலால் பிய்த்தெடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். உங்கள் நகத்துக்கும், ஆறிய பிறகு, இதே விதிதான். ஆனால் குனிந்து பார்க்கச் சிரமமாக இருந்தாலோ கண் மங்கலாக இருந்தாலோ நீங்களாக வெட்ட வேண்டாம், மகளை வெட்டித் தரச் சொல்லுங்கள்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது சர்க்கரைப் பரிசோதனைச் சீட்டுகளையும், இதுவரை சாப்பிட்ட மாத்திரைகளின் அட்டைகளையும், கொட்டகையில் போடும் அந்த ரப்பர் செருப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். பெருவிரல் எங்கே உரசுகிறது என்பது செருப்பின் தேய்மானத்தில் தெரியும்.